அழித்துவிட்டேன், பார்த்தீர்களா?

அழிப்பாளர் என்றொரு இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. குடும்பக் குழுவில் ஒன்றை அனுப்புவார், அரை நிமிடத்தில் அழிப்பார், அடுத்த நிமிடமே உங்களுக்குப் போன் போட்டு, "அழிச்சிட்டேன், பாத்தீங்களா?" என்பார். பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பித்துவிடலாம் என்றா நினைக்கிறீர்கள்? நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதே என்று, அழித்ததை ஒரு வரி விடாமல் சொல்லிவிட்டுத்தான் போனை வைப்பார்.

மானம் மரியாதை விஷயத்தில் இவரைப் போல உஷாரானவர் கிடையாது. முகநூல் படத்துக்குப் பூட்டு, கணினி கேமராவின் மேல் தீப்பெட்டி லேபிள், போனுக்கு விரல்ரேகை, அதற்கு மேல் ஒரு நம்பர் என்று எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, 'குடும்பத்துடன் திருச்செந்தூர், மூன்று நாள்' என்று ஸ்டேட்டஸும் வைத்துவிட்டு, பஸ்ஸில் உட்கார்ந்து ஆதார் எண்ணை யாருக்கோ உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். தடுமாறினால் கண்டக்டரே எடுத்துக் கொடுப்பார்.

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் என்கிற தீப்பெட்டித் தொழிற்சாலை நடத்தும் பூவனலிங்கம் அண்ணாச்சி இந்த இனத்தில் முதல் வரிசை. அவர் மகள் முத்துச்செல்விக்கு, வானம் பார்த்த பூமியான புதூரிலிருந்து நல்ல இடம் அமைந்தது. இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், வெள்ளிக்கிழமை பூ வைக்க வருவதாகப் பேச்சு. செவ்வாய்க்கிழமை அண்ணாச்சிக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. ஏழு வருஷத்துக்கு முன்பு யாரோ முகநூலில் போட்ட மழைப் படத்துக்குக் கீழே அவர் எழுதியிருந்தார்: 'புதூர்ப் பக்கம் பெண் கொடுத்தால் சீரோடு ஒரு தண்ணீர் லாரியும் சேர்த்து அனுப்ப வேண்டும்.'

அழிக்கலாம் என்றால் அந்தப் பழைய கணக்கின் பாஸ்வேர்டு மறந்துவிட்டது. பாவம், மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. மகளிடம் காட்டினார். அவளுக்கும் பகீரென்றுதான் இருந்தது.

"யப்பா, மொத்தம் மூணு பேருதான் லைக் போட்டிருக்காவ. நீங்க சும்மா இருந்தாலே போதும். எனக்கு இந்த இடம் பிடிச்சிருக்கு, கெடுத்துராதீங்க."

"ஏட்டி, ஒனக்கு நெட்டப் பத்தி என்ன தெரியும்? நான் பாத்துக்கிடுதேன்."

பார்த்துக்கொண்டார். தான் எழுதியதைப் படம் பிடித்து, சிவப்பு வட்டம் போட்டு, 'இதை யாரும் படிக்க வேண்டாம். உடனே புகார் செய்து நீக்க உதவவும்' என்று வியாபாரிகள் குழு, பள்ளித் தோழர்கள் குழு, நடைப்பயிற்சிக் குழு என்று ஒன்று விடாமல் அனுப்பினார். கேட்டவர்களுக்கு லிங்க். கேட்காதவர்களுக்கும் லிங்க். புதன்கிழமைக்குள் எப்போதும்வென்றான் கிராமத்தில் ஆடு மேய்க்கிறவர்கள் வரை படித்துச் சிரித்துவிட்டார்கள். முத்துச்செல்வி அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

வியாழக்கிழமை காலை பையனின் அப்பா பிச்சையா கூப்பிட்டார். அண்ணாச்சி எழுந்து நின்றுகொண்டு போனை எடுத்தார்.

"அண்ணாச்சி, நீங்க எழுதுனத எங்க வீட்ல எல்லாரும் படிச்சாச்சு."

"மன்னிச்சிருங்க, அது என்னமோ தெரியாம..."

"அது கெடக்கட்டும். கோவில்பட்டிக்காரவியளப் பத்தி நானும் முன்ன ஒண்ணு எழுதிவச்சிருக்கேன். கொஞ்சம் மோசமாத்தான் இருக்கும். நாளைக்கு நாங்க வாரதுக்குள்ள அழிக்கணும். நீங்கதான் இத்தன குரூப்ல இருக்கீங்களே, எல்லாருக்கும் சொல்லிவிடுங்களேன். லிங்க் அனுப்புதேன்."

வெள்ளிக்கிழமை நல்லபடியாகப் பூ வைத்தார்கள்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் இதைப் படித்த கையோடு, பழைய கணக்கில் எந்த ஊரைப் பற்றி என்ன எழுதினோம் என்று ஒரு தடவை தேடிப் பார்ப்பீர்கள். ஏதாவது ஒன்று கிடைக்கும். உடனே அதை வீட்டில் உள்ளவர்களிடம் நீட்டி, "இதுல தப்பா ஒண்ணும் இல்லையே?" என்று கேட்கத் தோன்றும். அவர்கள் யாரும் அதை இதுவரை பார்த்ததில்லை.