மூவாயிரம் அடி உயர வீரம்

மனிதகுலம் போர் செய்யத் தொடங்கிய நாள் முதல் போரைப் பீடித்திருந்த ஒரே குறை, அது தரையில் நடந்ததுதான். அந்தக் குறையைப் போக்கிய மகான் ஜெனரல் வெண்டல் கிராப்ட்ரீ.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிறந்து குதிரைப்படையில் சேர்ந்தவர். மூன்றாம் மாதம் குதிரை அவரைத் தள்ளியது. மூன்றாம் வருடம் ராணுவம் குதிரைகளையே தள்ளிவிட்டது. பல வருடம் யோசித்தபின், ஜார்ஜியா முகாமில் பெரிய அதிகாரிகள் கூடியிருந்தபோது எழுந்து, "இனிமே சிப்பாய் நடக்கக் கூடாது. ஹெலிகாப்டர்ல பறக்கணும்" என்றார்.

"மழை பெஞ்சா?" என்றார் ஒருவர்.

"மழைக்கு மேல பறக்கணும்."

ஹெலிகாப்டரைப் பற்றி வேறு யாருக்கும் எதுவும் தெரியாததால் திட்டம் ஏகமனதாக நிறைவேறியது.

1966இல் வியட்நாமில் ஒரு பள்ளத்தாக்கு. கீழே கேப்டன் ரஸ் டில்மனின் கம்பெனி, நூற்றுச் சொச்சம் சிப்பாய்கள். ஆயிரம் அடி உயரத்தில் அவருடைய கர்னல் ஒரு ஹெலிகாப்டரில். இரண்டாயிரத்தில் பிரிகேடியர். மூவாயிரத்தில் ஜெனரல். இந்த ஏற்பாட்டுக்கு 'நெருக்கமான தலைமை' என்று பெயர்.

ஜெனரலின் பக்கத்தில் மேஜர் லைல் ஹாப்குட், காபிக் குடுவையும் நோட்டுமாக உட்கார்ந்திருந்தார். ஜெனரலின் வாழ்க்கையைக் குறித்துவைப்பது அவர் வேலை.

வயர்லெஸ்ஸில் டில்மன் வந்தார். "அஞ்சு பேருக்கு பலமா அடி. ரத்தம் நிக்கல. ஹெலிகாப்டர் வேணும்."

"மருத்துவ ஹெலிகாப்டர் வர நாப்பது நிமிஷம் ஆகும்" என்றார் கர்னல்.

"மேல மூணு சுத்திக்கிட்டிருக்கே சார். இப்ப சுடுறதும் நின்னிருக்கு. ஒண்ணு இறங்கினாப் போதும்."

நியாயமான கோரிக்கை என்பதால் கர்னல் அதை மேலே அனுப்பினார். பிரிகேடியர் பரிந்துரையோடு இன்னும் மேலே அனுப்பினார்.

"என்னவாம்?" என்றார் ஜெனரல்.

"நம்மள கீழ வரச் சொல்றாங்க சார். அடிபட்டவங்கள ஏத்திக்க."

"நான் கீழ போயிட்டா ஒட்டுமொத்த நிலைமைய யார் பாக்கிறது?"

"கர்னல் பாப்பாரு சார். பிரிகேடியரும் இருக்காரு."

"அவங்கள யார் பாக்கிறது?"

மேஜர் குனிந்து பார்த்தார். புல்வெளியில் ஒருவன் சட்டையைக் கழற்றி ஆட்டிக்கொண்டிருந்தான்.

ஜெனரலும் பார்த்தார். "பாத்தியா லைல், பசங்க எவ்வளவு உற்சாகமா இருக்காங்க." பதிலுக்குக் கையசைத்தார்.

மருத்துவ ஹெலிகாப்டர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது. தலைமை மூன்று அடுக்காகச் சுற்றிக்கொண்டிருந்ததால் இறங்க வழி கிடைக்கவில்லை. அனுமதி வாங்கி அது தரையைத் தொட்டபோது ஐவரில் இருவர்தான் மிச்சம். "மத்த மூணு பேருக்கு இனி அவசரமில்ல சார்" என்று சொல்லி டில்மன் வயர்லெஸ்ஸை வைத்துவிட்டார். மேஜர் நோட்டைத் திறந்தார். கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். 

அன்றைய சண்டை வெற்றி என்று கணக்கெழுதப்பட்டு, அதற்காக ஜெனரலுக்குப் பதக்கம் தருவது என்று முடிவாயிற்று. பாராட்டுரையை மேஜர்தான் எழுதவேண்டும். நடந்ததையெல்லாம் ஆறு பக்கம் எழுதினார். ஜெனரலின் கையெழுத்தில்லாமல் அது அறையைத் தாண்டாது என்பது நினைவுக்கு வந்ததும் கிழித்துப் போட்டார். பிறகு ஒரே வரி எழுதிக் கொண்டுபோய் நீட்டினார்:

'தம் வீரர்கள் கீழே மடிந்துகொண்டிருந்த அந்த நாள் முழுவதும், ஜெனரல் கிராப்ட்ரீ ஒருமுறைகூடக் கீழே இறங்கவில்லை.'

ஜெனரல் இரண்டு தடவை படித்தார். கண்கள் கலங்கிவிட்டன.

"என்னை நீ ஒருத்தன்தான்யா சரியாப் புரிஞ்சுக்கிட்டிருக்க" என்று கையெழுத்துப் போட்டார். "அந்த 'ஒருமுறைகூட'வுக்கு அடியில ஒரு கோடு போட்டுரு."

மேஜர் இரண்டு கோடு போட்டார்.