பதினெட்டாம் பக்கத் திருத்தம்

“சார், பதினெட்டாம் பக்கம் தப்பு.”

திங்கட்கிழமை வகுப்பு தொடங்கி மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. நடப்பு சார் கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக முறிந்தது.

குடிமைப் பணித் தேர்வுக்குப் பயிற்சி தரும் அந்த மையத்தில் அவர் நடத்துவது நடப்பு நிகழ்வுகள். அதனால் நடப்பு சார். கையை உயர்த்தியிருந்தவள் முதல் பெஞ்ச் மாணவி. வகுப்பில் அவளை எல்லோரும் ‘சந்தேகம்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“என்னம்மா தப்பு?”

“நம்ம மாத இதழ்ல, இறக்குமதித் திருகாணிக்கு வரி இருபது சதவீதம்னு போட்டிருக்கீங்க. வர்த்தகத் துறையோட இணையதளத்துல பன்னிரண்டுன்னு இருக்கு சார்.”

சார் பக்கத்தைப் புரட்டினார். போன வருடப் பக்கத்தை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றிச் செருகியவர் சாட்சாத் அவரேதான்.

அவர் படியிறங்குவதற்குள் விஷயம் முதலாளி அறைக்குப் போய்விட்டது.

“தேர்வுக்கு ரெண்டு வாரம்கூட இல்ல. இந்த நேரத்துல இப்படியா?” முதலாளி இதழை மேஜைமேல் எறிந்தார். “இன்னொரு தப்பு வந்துதுன்னா, நடப்பு நிகழ்வுகளைப் புவியியல் மேடம் பார்த்துக்குவாங்க. நீங்க வீட்ல உக்காந்து நிம்மதியா பேப்பர் படிக்கலாம்.”

“இன்னைக்கே திருத்தம் போட்டுடறேன் சார்.”

மாலைக்குள் அச்சகத்திலிருந்து துண்டுச்சீட்டு வந்தது. ‘பக்கம் 18: வரி 20 அல்ல, 12 எனப் படிக்கவும்.’ வகுப்பில் கொடுத்தாயிற்று. சந்தாதாரர்களுக்கும் தபாலில் போட்டாயிற்று. பல வருடப் பழக்கம், இதழில் ஒரு புள்ளி மாறினாலும் சந்தாதாரர் அத்தனை பேருக்கும் சீட்டுப் போய்விடும்.

செவ்வாய்க்கிழமை காலை மனைவி செய்தித்தாளை விரித்தாள்.

“என்னங்க, திருகாணிக்கு வரியை ஏத்திட்டாங்களாம்.”

“எவ்வளவு?”

“இருபது.”

சாருக்குப் புரையேறியது. “அப்ப, நேத்து இருந்த தப்பு இன்னைக்கு சரியாயிடுச்சா?”

“நேத்து போட்ட திருத்தம் இன்னைக்குத் தப்பாயிடுச்சு. சும்மா இருந்திருந்தாலே போதும். உங்களுக்குத்தான் சும்மா இருக்க வராதே!”

அவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு அச்சகத்துக்கு ஓடினார். இரண்டாம் சீட்டு: ‘முதல் சீட்டைக் கிழித்துவிடவும். 20 என்பதே சரி.’

புதன்கிழமை வரி பன்னிரண்டுக்கு இறங்கியது.

“இது என்ன அரசாங்கமா, லிஃப்டா?” என்று வாசலில் நின்று கத்தினார் சார். எதிர்வீட்டு ஜன்னல் பட்டென்று மூடிக்கொண்டது.

அச்சகக்காரர் அவரைப் பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டார். “சார், இங்க வரைக்கும் எதுக்கு அலையறீங்க? பன்னிரண்டு ஒண்ணு, இருபது ஒண்ணு, ரெண்டு அச்சையும் கலைக்காம வச்சிருக்கேன். காலைல போன்ல எதுன்னு சொல்லுங்க, போதும்.”

“கிண்டலா?”

“வேலை சுலபமாகட்டும்னு சொன்னேன் சார்.”

மூன்றாம் சீட்டு போனது: ‘இரண்டாம் சீட்டையும் கிழிக்கவும். 12.’

வியாழக்கிழமை வரி இருபது. கூடவே இன்னொரு செய்தி. திருகாணி அனுப்பிக்கொண்டிருந்த பக்கத்து நாடு பொறுமையிழந்துவிட்டது. ‘பன்னிரண்டா, இருபதா, ஒன்றைச் சொல்லுங்கள்’ என்று அறிக்கை விட்டு, ஏற்றுமதியை நிறுத்தி, கடல் எல்லைப் பக்கம் இரண்டு போர்க்கப்பல்களை நகர்த்தியிருந்தது.

வகுப்பில் ‘சந்தேகம்’ கையைத் தூக்கினாள்.

“சார், இதை வர்த்தகத்துல படிக்கணுமா, பாதுகாப்புலயா?”

“ரெண்டுலயும் படி!”

“முப்பத்திரண்டாம் பக்கத்துல, பக்கத்து நாட்டோட உறவு சுமுகம்னு போட்டிருக்கீங்களே, அதுக்கும் சீட்டு வருமா சார்?”

பின்வரிசை சிரித்தது. சார் சிரிக்கவில்லை. வாசலில் முதலாளி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் புவியியல் மேடம், கையில் புது நோட்டுடன்.

“இதுதான் கடைசி சான்ஸ்” என்றார் முதலாளி.

அன்று மதியம் சாருக்கு ஒரு யோசனை உதித்தது. எண்ணைப் போட்டால்தானே தப்பாகும்? நான்காம் சீட்டில் எண்ணே இல்லை. ‘பக்கம் 18: வரி ____ சதவீதம். கோடிட்ட இடத்தை அன்றன்று பென்சிலால் நிரப்பிக்கொள்ளவும்.’

வெள்ளிக்கிழமை வரி பன்னிரண்டானது. வகுப்பு முழுக்க ரப்பர் தேய்க்கும் சத்தம் கேட்டது. சார் மட்டும் ஒரு வாரத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார். கைகழுவும்போது விசில்கூட அடித்தார்.

“என்ன, அரசாங்கத்தை ஜெயிச்சுட்டீங்களா?” என்றாள் மனைவி.

“இனிமே அவங்க எப்படி மாத்தினாலும் என்கிட்ட தப்பு கண்டுபிடிக்க முடியாது.”

சனிக்கிழமை காலை செய்தித்தாளை அவரே ஆசையாகப் பிரித்தார். முதல் பக்கம். ‘திருகாணி வரி: புதிய உத்தரவில் எண் இல்லை. கோடிட்ட இடத்தைத் துறைமுக அதிகாரிகள் அன்றன்று பென்சிலால் நிரப்பிக்கொள்ளலாம்.’ அதற்குக் கீழே, நம் கப்பல்களும் எதிரே புறப்பட்டுவிட்டன என்ற செய்தி.

முதலாளி அதே செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“தப்பே இல்ல சார்!” சார் முந்திக்கொண்டார். “நான் காலியா விட்டேன். அவங்களும் காலியா விட்டிருக்காங்க. வரிக்கு வரி சரியா இருக்கு!”

“தேர்வுல வரி எவ்வளவுன்னு கேட்டா பசங்க என்ன எழுதுவாங்க? கோடு போட்டுட்டு வருவாங்களா?”

முதலாளி கையால் வாசலைக் காட்டினார்.

“நீங்க போகலாம். அலமாரிச் சாவியை மேடத்துகிட்ட கொடுத்துடுங்க.”

பதினான்கு வருடச் செய்தித்தாள் துணுக்குகள் ஓர் அட்டைப்பெட்டியில் அடங்கிவிட்டன. அதை மார்போடு அணைத்துக்கொண்டு சார் வாசலுக்கு வந்தார். கையில் கோப்புடன், வியர்த்து வழிந்தபடி ஒருவர் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார்.

“நடப்பு சார் நீங்கதானே? வர்த்தகத் துறைல பியூனா இருக்கேன்.”

பெட்டி பொத்தென்று தரையில் விழுந்தது. ஒரு வார ஆத்திரம் மொத்தமும் சாரின் தொண்டைக்கு வந்தது.

“வாய்யா, வா! உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். ஒரு நம்பரை ஒரே ஒரு நாள் முழுசா வச்சிருக்கத் துப்பில்லையா உங்க துறைக்கு? இருபதுங்கறீங்க, பன்னிரண்டுங்கறீங்க, கடைசில கோடு போடறீங்க. உங்க பின்னாடி ஓடி ஓடி என் வேலையே போச்சு! எந்தப் புத்திசாலிய்யா அங்க உக்காந்து இதையெல்லாம் எழுதறது?”

பியூன் ஓரடி பின்வாங்கினார். பாவம், அவருக்கு எதுவும் விளங்கவில்லை.

“எங்களைத் திட்டினா எப்படி சார்? எங்க ஐயா உங்க இதழைப் படிச்சு பாஸ் பண்ணவரு, இன்னும் உங்க சந்தாதாரரு. இதழும் சீட்டும் வர வர அதைப் பார்த்துத்தானே உத்தரவையே மாத்திக்கிட்டிருக்காரு. இப்ப அந்தக் கோட்டுல என்ன எழுதறதுன்னு உங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொன்னாரு!”