அம்மிக்குழவியும் ஆறு நாள் காரும்

யாராவது காரை விரல் மடக்கித் தட்டிப் பார்த்து, "வெறும் தகரம்" என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கும். (மாத்திரை சாப்பிடுகிறேன். பயனில்லை.)

அப்போது நான் சென்னைப் பக்கம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் எஞ்சினியர். எஃகுத் தகட்டைச் செக்கச்செவேலென்று சுட்டு, அச்சில் அழுத்தி, அதற்குள்ளேயே சட்டென்று குளிர வைப்போம். தகடு மெலிசு, பலமோ யானைபலம். கார் எடை குறையும், மோதினால் உள்ளே இருப்பவர் பிழைப்பார். இதைக் கல்யாண வீடுகளில்கூட விளக்கிக்கொண்டிருந்ததால்தான் எனக்கு வரன் அமையவில்லை என்பது அம்மாவின் கட்சி.

அந்தச் சமயத்தில், திருத்துறைப்பூண்டியில் எங்கள் வீட்டுக்குக் கும்பகோணத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ரகு, கணக்கு வாத்தியார். "அச்சுக்குள்ள எத்தனை செகண்டுல ஆறுங்க?" என்று கேட்டார். மூன்று வருடமாக வந்த வரன்களில் என் வேலையைப் பற்றிக் கேட்ட ஒரே ஆள். எனக்குப் பிடித்துவிட்டது. இது மட்டும் தவறிவிடக் கூடாது என்று சாமியை வேண்டிக்கொண்டேன்.

அவருடைய அப்பா பித்தளைப் பாத்திரக்கடைக்காரர். குடமானாலும் குத்துவிளக்கானாலும் எடை போட்டே விற்றுப் பழகியவர். கிளம்பும்போது, வாங்கி ஆறே நாளான தன் காரைத் தட்டினார்.

"பாருங்க சம்பந்தி, வெறும் தகரம். எடையே இல்ல. பையன் பேச்சக் கேட்டு ஏமாந்துட்டேன்."

'சம்பந்தி'யில் அப்பா குளிர்ந்துபோனார். 'தகர'த்தில் நான் கொதித்தேன்.

"எடைக்கும் பலத்துக்கும் சம்பந்தமே இல்ல மாமா!" (மாமாவாம்! அவசரத்தைப் பாருங்கள்.) "ரெண்டு கதவுக்கும் நடுவுல இருக்கே தூணு, அது எங்கள மாதிரி ஆளுங்க சுட்டது. இடி விழுந்தாலும் அசையாது!"

"சும்மா இரும்மா. நாப்பது வருஷமா தட்டிப் பாக்குறேன். எனக்குத் தெரியாதா?"

சும்மா இருக்கவில்லை. கொல்லைக்கு ஓடி அம்மிக்குழவியைத் தூக்கி வந்தேன். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, கையில் குழவி. (கல்யாணத்தில் அம்மி மிதிப்பார்கள். அதற்கு முன்பே குழவியைத் தூக்கிய பெண் டெல்டாவிலேயே நான்தான்.) "வேணாம்டி!" என்று அம்மா அலறுவதற்குள், இரண்டு கதவுகளுக்கும் நடுவே ஓங்கி ஒரே போடு.

தூண் அசையவில்லை. சத்தியமாக அசையவில்லை. ஆனால் தூணுக்கு மேல் போர்த்திய வெளித்தகடு, அந்த மாதிரி உலையையே பார்க்காத இளசு. அதில் சோற்றுக்கரண்டி அளவுக்கு ஒரு குழி. இதை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டியவள் அந்தத் தெருவிலேயே நான் ஒருத்திதான்.

"உள்ள ஒண்ணும் ஆகல!" என்று கத்தினேன். கேட்பார் இல்லை. அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது.

பாத்திரக்கடைக்காரர் குழியைத் தடவினார். பிறகு என் கையிலிருந்த குழவியை வாங்கி, உள்ளங்கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"ஆறு கிலோ இருக்கும்போலருக்கே. இதத் தூக்கிக்கிட்டு ஓடியாந்திருக்கு! டேய் ரகு, பொண்ணு தகரமில்லடா. முடிச்சிரலாம்."

ஒன்பது வருடமாகிறது. குழியை எடுக்க மாமனார் இன்னும் விடவில்லை. விருந்தாளிகளை எல்லாம் அழைத்துப்போய், "மருமக வெச்ச திருஷ்டிப்பொட்டு" என்று காட்டுகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். தூண் அசையவில்லை என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. அதோடு, போகிறபோது ஆளுக்கொரு தரம் காரைத் தட்டிப் பார்ப்பது வேறு.

அம்மிக்குழவி மட்டும் வீட்டுக்குள் வரக் கூடாது என்பது என் கணவர் போட்ட ஒரே நிபந்தனை.