தம்பியைக் கண்டுபிடித்த மரம்

அந்தக் காட்டு விடுதியில் அறை கிடைக்க வேண்டுமென்றால் போன ஜென்மத்தில் புண்ணியம் செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலாளரையாவது தெரிந்திருக்க வேண்டும். உலகத்தில் இயற்கை எங்கெல்லாம் மிச்சமிருக்கிறதோ அங்கெல்லாம் போய்ப் பார்த்துத் தீர்ப்பது என்று கங்கணம் கட்டிக்கொண்டவர்கள் வந்து குவிந்தார்கள். பனிக்கரடியை எட்ட நின்று பார்த்தவர்கள் இருந்தார்கள். ஆமை முட்டையிடுவதை மூச்சுவிடாமல் பார்த்தவர்கள் இருந்தார்கள். எல்லாருமே மூன்று விமானம் மாறி வந்து, காற்று எவ்வளவு சுத்தம் என்று வியந்தவர்கள்.

படித்தவர்கள்தான். பேய் உண்டா என்று கேட்டால் சிரிப்பார்கள். மரம் பேசுகிறது என்றால் மட்டும் கைகட்டி நிற்பார்கள்.

பேசும் மரம் விடுதிக்குப் பின்னால் இருந்தது. அதன் பேச்சு, அங்கே காட்டுக் குரு என்று எல்லாரும் கும்பிட்ட ஒருவருக்கு மட்டும்தான் கேட்கும். வருகிற ஒவ்வொருவருக்கும் மண்தொட்டியில் ஒரு மரக்கன்று கொடுப்பார்கள். மாலையில் ஓலைக் குடிசைக்குள் தனியாக உட்கார்ந்து, கன்றின் பக்கம் குனிந்து மனதில் இருக்கும் துயரத்தைச் சொல்ல வேண்டும். கன்று அதை வேர் வழியாகத் தாய்மரத்திடம் சொல்லும். தாய்மரம் குருவிடம் சொல்லும். மறுநாள் காலையில் குரு ஊருக்கே சொல்வார்.

குடிசைக்குள் போன் கூடாது. தொட்டியைத் தொடக் கூடாது. மரத்தருகே போகக் கூடாது. எல்லாம் இயற்கைக்குத் தொந்தரவாம். கேள்வி கேட்பதும் தொந்தரவுதான் என்று யாரும் சொல்லவில்லை, அவர்களே புரிந்துகொண்டார்கள்.

இந்தக் கூட்டத்தில் ஓர் அக்கா, அவள் கணவர், அவள் தங்கை என்று மூன்று பேர் வந்திருந்தார்கள். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. தினமும் மாத்திரை போடுகிறாள், அதனால் பல வருடங்களாக விழாமல் இருக்கிறாள். கணவர் கட்டடப் பொறியாளர். சிமென்ட் மூட்டையைக்கூட எடைபோடாமல் வாங்காத மனிதர். தங்கைக்குக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. விபத்து நடந்ததென்று பணம் கேட்டு வருகிறவர்கள் சொல்வது நிஜமா புளுகா என்று பார்த்துச் சொல்வாள்.

முதல் நாள் மாலை அக்கா கன்றிடம் அழுதாள். மறுநாள் காலை குரு மரத்தில் காதை வைத்துக் கண்ணை மூடினார்.

"பள்ளிக்கூடப் படிக்கட்டு தெரியுது. ஒரு சின்னப் பொண்ணு விழுந்து கிடக்கா. கூட இருக்கிற பிள்ளைங்க சிரிக்குதுங்க."

அக்கா தேம்பினாள். கூட்டம் உருகியது.

"மாத்திரைதாம்மா விஷம். உனக்குள்ள இருக்கிற காட்டை அது அழிக்குது. இந்த மரம் உன்னைக் குணப்படுத்திடுச்சு. நாளைக்குக் காலையில எல்லாத்தையும் இங்க கொண்டாந்து புதைச்சிடு" என்றார் குரு.

மத்தியானம் அறையில் அக்கா மாத்திரை அட்டைகளை எடுத்துக் கட்டிலில் அடுக்கினாள். பார்த்துக்கொண்டிருந்த தங்கை அட்டைகளின் மேல் கையை வைத்து மறித்தாள்.

"அக்கா, நிறுத்தினா என்ன ஆகும்னு டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? குளிக்கிறப்போ விழுந்தா? ரோட்டைத் தாண்டறப்போ விழுந்தா?"

"இத்தனை வருஷமா விழலையேடி."

"மாத்திரை போட்டதால விழல."

அத்தான் குறுக்கே வந்தார். "நீ எதையும் நம்ப மாட்டே. படிக்கட்டு விஷயம் எனக்கே தெரியாது. அவருக்கு எப்படித் தெரிஞ்சது, அதச் சொல்லு."

"தொட்டியில இருக்கிற செடியோட வேர் தொட்டியத் தாண்டி எப்படி அத்தான் போகும்?"

அஸ்திவாரம் தோண்டிப் பிழைக்கிற அத்தானுக்கு அந்த ஒரு கேள்வி போதும். ஆனால் அவர், "அதெல்லாம் நம்ம அறிவுக்கு எட்டாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார். அறிவை அனுப்பிப் பார்த்தால்தானே எட்டுமா எட்டாதா என்று தெரியும்?

அன்று மாலை தங்கையின் முறை. கன்றின் பக்கம் குனிந்து மூக்கை உறிஞ்சினாள்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான். ஆத்துல அவன் கையை நான்தான் விட்டுட்டேன். இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல."

மறுநாள் காலை மரத்தடியில் சின்னக் குழி தயாராக இருந்தது. அக்கா மாத்திரைப் பையோடு நின்றாள். குரு முதலில் தங்கையைக் கூப்பிட்டு, மரத்தில் காதை வைத்தார்.

"தண்ணி தெரியுது. ஒரு பையன். அக்கா கையிலேர்ந்து நழுவிப் போறான்." குருவின் குரல் கம்மியது. "அழாதம்மா. உன் தம்பி உன்ன மன்னிச்சிட்டான். அதோ, உச்சிக் கிளையில பறவையா உக்காந்திருக்கான் பாரு."

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். நிஜமாகவே ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. காட்டில் பறவை இருந்ததற்கு நாலு பேர் அழுதார்கள்.

அக்கா மட்டும் விழித்தாள். "எந்தத் தம்பிடி? நம்ம வீட்ல நாம ரெண்டு பொண்ணுங்கதானே?"

குரு கண்ணைத் திறந்தார்.

"காட்டுகிட்டயே பொய் சொல்லியிருக்கியா? மகாபாவம்."

"சொன்னது நான்தான். பொய்யின்னு உங்க மரத்துக்குத் தெரியலையே. பிறக்காத தம்பி எப்படிங்க செத்தான்? எப்படிங்க பறவையானான்?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அவள் குடிசைக்கு நடந்தாள். பின்னாலேயே கூட்டமும் போனது. வாசலில் பணியாள் ஒருவன் கையை விரித்து மறித்தான். "தொட்டியத் தொடாதீங்கம்மா, வேருக்குத் தொந்தரவு."

அவனைத் தள்ளிவிட்டு உள்ளே போனவர் அத்தான். தொட்டியைத் தூக்கினார். அடியில் கட்டைவிரல் அளவில் ஒரு மைக். அதிலிருந்து கிளம்பிய கம்பி பாய்க்கடியில் ஓடி, சுவரைத் தாண்டி, பக்கத்திலிருந்த குருவின் அறைக்குள் போய் ஒரு ஹெட்போனில் முடிந்தது. தாய்மரத்தின் வேர் இவ்வளவுதான். அத்தான் அந்தக் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார்.

குருவின் வாய் அடைபட்டதா என்றால், இல்லை. அக்காவின் அருகில் வந்து தணிந்த குரலில் மிரட்டினார். "காட்டோட அருளை உதறிட்டுப் போறே. நாளைக்கு விழுந்தா என்னைக் கேக்காதே."

அக்கா பையைப் பிரித்து, அன்றைக்குப் போட வேண்டிய மாத்திரையை எடுத்து, எல்லார் முன்னாலும் விழுங்கினாள். "உங்க பேச்சைக் கேட்டு நிறுத்தியிருந்தா கண்டிப்பா விழுந்திருப்பேன். அப்ப தூக்கிவிட நீங்க வந்திருப்பீங்களா, உங்க மரம் வந்திருக்குமா?"

அப்போதும் கூட்டத்தில் ஒரு பெண்மணி பக்கத்திலிருந்தவரிடம், "என்ன இருந்தாலும் அந்த மரத்துகிட்ட ஏதோ ஒரு சக்தி இருக்குங்க" என்றார். பக்கத்திலிருந்தவரும் தலையாட்டினார்.

மரத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அது நிழல் தந்தது, பறவைக்குக் கிளை தந்தது, வாயைத் திறக்கவே இல்லை. யோசிக்க வேண்டிய நாம் மரம் மாதிரி நின்றோம், அதனால்தான் மரம் பேச ஆரம்பித்தது.