ஒரே அழுத்தில் நன்னடத்தை

"ஓடிபி வரலைன்னா வரலை! அதுக்கு நான் என்ன, கையப் பிடிச்சு இழுத்துட்டு வர முடியுமா?"

"நாலு நாளாவா வராது? கீழ் வீட்டுக்கு வருது, மாடி வீட்டுக்கு வருது. நம்ம வீட்டுக்கு மட்டும் அதுக்கு வழி தெரியலையா?"

"எதுக்குக் கத்தறே? தெருவே கேக்குது."

"கேக்கட்டும். ஒரு போலீஸ் சான்றிதழுக்குப் பணம் கட்டத் துப்பில்லாத மனுஷனைக் கட்டிட்டு வந்தேன்னு எல்லாரும் கேக்கட்டும்!"

தெரு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. வேன்காரர் வீட்டு ஜன்னல்களைச் சாத்தும் பழக்கமே கிடையாது. அதனால் யாரும் காதை நீட்டிச் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

வேன்காரர் என்றாலும் அவரிடம் இப்போது வேன் இல்லை. போன வருடம் இன்ஜின் படுத்ததோடு அதை உதிரியாக விற்றாயிற்று. பத்து மாதம் வீட்டில் சும்மா இருந்தவருக்கு, பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் நிரந்தர டிரைவர் வேலை தேடி வந்திருந்தது. மகளுக்கும் அங்கேயே பாதிக் கட்டணத்தில் இடம். கேட்டது ஒன்றே ஒன்றுதான். இவர் மீது எந்த வழக்கும் இல்லை என்று போலீஸ் தரும் நன்னடத்தைச் சான்றிதழ். அதையும் வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். கட்டணத்தை ரொக்கமாக வாங்கமாட்டார்கள். செல்போன் வாலட்டில்தான் கட்ட வேண்டும்.

உண்மையைச் சொன்னால், ஓடிபி தினமும் ஒழுங்காக வந்தது. வேன்காரர்தான் தினமும் அதை ஒழுங்காக அழித்தார்.

"பழைய ரெஜிஸ்டரை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாங்க சார். முப்பது வருஷத்துக்கு முன்னாடி தும்மியிருந்தாக்கூட வந்துடும்" என்று பள்ளிக்கூடத்து கிளார்க் பெருமையாகச் சொன்னதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்தாறு வருடத்துக்கு முன், முதன்முதலாகப் பெண் வீட்டுக்குப் போகும் வழியில், அவர் தும்மவில்லை. திருடினார்.

காலில் கிடந்த செருப்பு பிய்ந்திருந்தது. புது ஊர், கையில் காசில்லை. ஒரு கடை வாசலில் பளபளவென்று ஷூக்களை அடுக்கி வைத்திருந்தார்கள். இரண்டை எடுத்து மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார். காட்சிக்கு வைப்பதெல்லாம் ஒரே காலுக்கானவை என்று அவசரத்தில் யாருக்குத் தோன்றும்? இரண்டும் இடது கால். அந்த நடையைப் பார்த்தே, நாலு கடை தாண்டியதும் பிடித்துவிட்டார்கள். இரவு முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில் அழுதார். கேட்டதற்கெல்லாம் தலை நிமிராமல் தலையாட்டினார். காலையில் எச்சரித்து அனுப்பினார்கள். பெண் வீட்டில் போய், பஸ் ரிப்பேர் என்று சொன்னார்.

இந்த விஷயம் வெளியே வருவதைவிட வேலை போவதே மேல் என்று நினைத்தார். ஆனால் வேலை போனால் வீட்டில் என்ன பதில் சொல்வது என்பதும் தெரியவில்லை.

"குடுங்க இப்படி" என்று மனைவி ஃபோனைப் பிடுங்கினாள்.

"இரு, பின் நம்பரை நானே போடறேன்" என்று வாங்கிய வேன்காரர், மூன்று முறை தப்பான எண்ணை அடித்தார். வாலட் பூட்டிக்கொண்டது. அவர் முகத்தில் ஒரு சின்ன நிம்மதி வந்தது.

மனைவி நேராக ஜன்னலுக்குப் போய் எதிர்வீட்டைப் பார்த்து, "அண்ணே! உங்க ஃபோனை எடுத்துட்டு வாங்க!" என்று குரல் கொடுத்தாள்.

எதிர்வீடுதான் அவள் பிறந்த வீடு. அவள் அண்ணனைத் தெருவில் எல்லோரும் 'ஒழுக்கம்' என்பார்கள். குடியிருப்போர் சங்கத் தலைவர். குப்பையை எப்போது வைப்பது என்பதில் ஆரம்பித்து மனித வாழ்க்கை எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதுவரை எதைப் பேசினாலும், மூன்றாவது வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

"என்ன மாப்ளே, இதெல்லாம் ஒரு வேலையா? மனுஷனுக்கு ஒழுக்கம் வேணும், ஃபோனுக்கு சார்ஜ் வேணும். வேறென்ன?" என்றபடி அவர் உட்கார்ந்தார். "என் வாலட்ல எல்லா விவரமும் பதிஞ்சு வெச்சிருக்கேன். ஒரே அழுத்துதான்!"

அழுத்தினார். ரசீதும் வந்தது. தங்கை அதை வாங்கிப் படித்தாள்.

"அண்ணே! இது உங்க பேர்ல போயிருக்கு!"

பதிந்து வைத்திருந்த பெயரும் விலாசமும் தாமாகவே விண்ணப்பத்தில் போய் உட்கார்ந்துவிட்டன. வேன்காரருக்கு எழுந்து ஆடலாம் போலிருந்தது. ஒழுக்கம் ரசீதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை ரத்து பண்ண முடியாதா?"

"முடியாதாம். கீழேயே போட்டிருக்கு."

"எப்படியுமே முடியாதா?"

"ஏன் அண்ணே, உங்களுக்கென்ன பயம்?"

"பயமா? எனக்கா? காசு வீணாச்சேன்னு பார்த்தேன்." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வரட்டும் வரட்டும். சங்க ஆபீஸ்ல ஃப்ரேம் போட்டு மாட்டிடலாம்."

அடுத்து வேன்காரர் பெயரில் ஒன்று. அடையாள எண் கேட்டார்கள். வேன்காரர் கடைசி இலக்கத்தை மாற்றிச் சொன்னார். திரை சிவப்பாகியது.

"உங்க நம்பர் உங்களைவிட எனக்குத்தான் நல்லாத் தெரியும். தள்ளுங்க" என்று மனைவி கடகடவென்று ஒப்பித்தாள். திரை பச்சையாகியது.

வெள்ளிக்கிழமை நேரில் வரச் சொல்லிக் குறுஞ்செய்தி வந்தது. மூன்று பேரும் போனார்கள். சான்றிதழ் அலுவலகத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. வண்டியை ஒழுங்காக நிறுத்தாத யாருக்கோ வாசலில் ஒழுக்கம் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். வேன்காரருக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"வீட்டுச் சாவியை மறந்துட்டீங்களா?"

"இல்ல. நான் ஒரு திருடன்."

தலையைக் குனிந்தபடி, தரையின் டைல்ஸிடம் சொல்வதுபோல எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"ரெண்டும் இடது காலா?"

"ஆமா."

"அதைப் போட்டுட்டு நடந்தீங்களா?"

"நாலு கடை தாண்டினேன்."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகையா சிரிப்பா என்று கண்டுபிடிக்க அவருக்குத் தைரியமில்லை.

"எங்கம்மா இன்னிக்கும் அந்த பஸ்காரனைத் திட்டிட்டிருக்காங்க" என்றாள் கடைசியில். "இதை எங்கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"வெக்கமா இருந்துச்சு."

"இப்ப?"

"இப்ப இன்னும் அதிகமா இருக்கு."

"டிரைவர் சார், வாங்க!" என்று கவுண்டர் பெண் கூப்பிட்டாள். "போ மாப்ளே, கூப்பிடறாங்க" என்றபடி ஒழுக்கமும் உள்ளே வந்து சேர்ந்தார். "உங்களுக்கு ஒண்ணுமில்லை. சுத்தம். இந்தாங்க சான்றிதழ்."

மனைவி கணவனைப் பார்த்தாள். கணவன் சான்றிதழைப் பார்த்தார்.

"இன்னொண்ணு இருக்கு. ஐயா, நீங்க கொஞ்சம் உட்காருங்க." கவுண்டர் பெண் ஒழுக்கத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். ஆனால் முன்னால் மைக் இருந்தது. "உங்க பேர்ல ஒரு பழைய பதிவு இருக்கு. இருபத்தாறு வருஷம் முன்னாடி, கடைத் திருட்டு. ஒரு ஜோடி ஷூ. ஜோடின்னும் சொல்ல முடியாது, ரெண்டும் இடது கால்னு எழுதியிருக்கு. பேரு, விலாசம் எல்லாம் உங்களோடதுதான்."

கூடமே எழுந்து ஒழுக்கத்தின் பாதங்களைப் பார்த்தது.

வேன்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றிரவு ஸ்டேஷனில் அவர் வாயைத் திறந்து பேரே சொல்லவில்லை. போலீஸ்காரர்தான் அவர் சட்டைப் பையைத் துழாவி ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துப் பார்த்து எழுதினார். அது அவர் போகவேண்டிய பெண் வீட்டு விலாசம். மேலே அண்ணன்காரர் பெயர். அதற்கும் இவர் தலையாட்டியிருக்கிறார்.

இனி ஒழுக்கம் கூரை அதிரக் கத்தப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கைக்குட்டையால் பின்கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த மௌனம் வேன்காரரைக் குத்தியது. வேலை போனால் போகட்டும் என்று எழுந்தார்.

"அது அவர் இல்லைம்மா! நான்தான்! நான்தான் திருடினேன்!"

கவுண்டர் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. "இந்தக் காலத்துல இப்படி ஒரு மாப்பிள்ளையா!"

"சத்தியமா நான்தாம்மா. ரெண்டு ஷூவும் நான்தான் எடுத்தேன்!"

"உட்காருங்க சார். பாசத்துக்கும் ஒரு அளவு இருக்கு. உங்க பேர்ல ஒண்ணுமில்லைன்னு கவர்ன்மென்டே சொல்லுது. கவர்ன்மென்டைவிட உங்களுக்கு அதிகமாத் தெரியுமா?"

"அவர் சொல்றது நிஜந்தாங்க" என்றாள் மனைவி.

"பாருங்க, குடும்பமே எவ்வளவு ஒத்துமையா இருக்கு!" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கைதட்டினார்கள். முன்பின் தெரியாத இரண்டு பேர் வந்து வேன்காரரின் கையைக் குலுக்கினார்கள். அவர் வாழ்க்கையில் அவ்வளவு அவமானப்பட்டதில்லை.

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தபோது, அவருக்கு முன்னாலேயே அவர் கீர்த்தி பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்திருந்தது. தலைமை ஆசிரியை பிள்ளைகளிடம் அவரைக் காட்டி, மைத்துனர் பழியைத் தன் தலையில் ஏற்க முன்வந்தவர் என்றார். வேன்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "எவ்வளவு அடக்கம்!" என்றார்கள் ஆசிரியைகள்.

ஒழுக்கம் சங்கத் தலைவர் பதவியை உடல்நிலை காரணமாக விட்டார். உடல் நன்றாகத்தான் இருந்தது. மாதக் கடைசியில் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அம்மாவையும் அழைத்துக்கொண்டு மகன் இருக்கும் ஊருக்கே போய்விட முடிவு செய்தார். லாரியில் கடைசிப் பெட்டியை ஏற்றிவிட்டு வேன்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், கடைசியா ஒரு தடவை சொல்றேன். அது நான்தான். என்னை மன்னிச்சிடுங்க."

ஒழுக்கம் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவர் காதருகே குனிந்தார்.

"போதும் மாப்ளே, எனக்காக எத்தனை நாள்தான் பொய் சொல்லுவே? ஆனா ஒண்ணுதான் எனக்குப் புரியல. அன்னிக்கு நான் எடுத்தது குடையாச்சே, இவங்க ஏன் ஷூன்னு எழுதி வெச்சிருக்காங்க?"