சிவப்புக்கு இறங்கிய காற்று

வீட்டுக்குள் ஒரு விஞ்ஞானி இருந்தால் வெளியிலிருந்து வேறு எதிரி வர வேண்டியதில்லை. இது என் மனைவி செல்வியின் கருத்து. நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. நான் செய்த காற்றுமானியின் பேச்சு வந்தால் மட்டும் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன்.

அப்போது ஜனக்புரியில் முதல் மாடியில் குடியிருந்தோம். செல்விக்குப் பிரசவம் பார்க்க மாமியார் மதுரையிலிருந்து வந்திருந்தார். மகள் பிறந்த சில வாரங்களில் பேத்தியைப் பார்க்க மாமனாரும் வந்தார். வந்த நேரம் தீபாவளி முடிந்த டெல்லி. ஸ்டேஷனில் ஆரம்பித்த இருமல் வீடு வந்தும் நிற்கவில்லை.

"பச்சப்புள்ளைய இந்தப் புகைக்குள்ளயா வச்சிருக்கீங்க மாப்ள? தாயையும் புள்ளையையும் நான் ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். பொங்கல் கழிச்சு அனுப்புறேன்."

வங்கியிலிருந்து ஓடிவந்து அந்தப் பிஞ்சு விரலைப் பிடித்தால்தான் எனக்கு அன்றைய பொழுது முடியும். பொங்கல் வரை என்ன செய்வேன்?

"வெளியதான் மாமா மோசம். நம்ம வீட்டுக்குள்ள காத்து சுத்தம். நிரூபிச்சுக் காட்டுறேன், அப்புறம் முடிவு பண்ணுங்க" என்றேன். (அவர் என்னவோ நிரூபணம் கேட்ட மாதிரி.)

மின்சாதனங்களைப் பிரித்துப் பூட்டுவது என் பொழுதுபோக்கு. (பிரிப்பது நன்றாக வரும்.) தூசியை அளக்கும் சின்னக் கருவி ஒன்றை வரவழைத்து, விளக்கோடு இணைத்து, மாமியார் கொண்டுவந்த முறுக்கு டப்பாவில் ஓட்டை போட்டு உள்ளே பொருத்தினேன். காற்று சுத்தமாக இருந்தால் பச்சை எரியும். கெடக்கெட மஞ்சள், சிவப்பு, கடைசியில் ஊதா. டப்பாவை ஹாலில் மாட்டிவிட்டு, வெளிக்காற்று வராதபடி எல்லா ஜன்னல்களின் விளிம்பிலும் டேப் ஒட்டினேன். முறுக்கு ஒரு தட்டில் கிடந்து நமத்துப்போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமனாரை நாற்காலி போட்டு உட்காரவைத்து, "பச்சை எரியும் பாருங்க" என்று சுவிட்சைப் போட்டேன்.

ஊதா எரிந்தது.

தட்டிப் பார்த்தேன். ஊதா. அணைத்துப் போட்டேன். இன்னும் அடர்ந்த ஊதா. உடனே எனக்குள் இருந்த விஞ்ஞானி குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டான். கீழ்வீட்டு சோப்ரா அங்கிள் குளிர்காலத்தில் காய்ந்த இலைகளைக் கூட்டி எரிப்பார். இறங்கி ஓடி, குழந்தை இருக்கும் வீட்டருகே நெருப்பு மூட்டலாமா என்று என் உடைந்த இந்தியில் சண்டை பிடித்தேன். அவர் வாசலில் வெயில் காய்ந்தபடி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"அரே பேட்டா, ஆக் கஹாங் ஹை?" என்றார். நெருப்பு எங்கே என்று நானும் சுற்றிப் பார்த்தேன். இலை இருந்தது, நெருப்பு இல்லை. அவர் என்மேல் இரக்கப்பட்டு, கடலைப் பொட்டலத்தோடு மேலே வந்தார். வாசலிலேயே மூக்கை உறிஞ்சினார். நேராகப் படுக்கையறைக் கதவைக் காட்டி, "துவாங்!" என்றார். புகை!

கதவைத் திறந்தேன். உள்ளே மேகமூட்டம். அதன் நடுவில் மாமியார், தலைக்கு ஊற்றிய பேத்தியை மடியில் கிடத்தி, கூந்தல் என்று சொல்ல முடியாத அந்த நாலு முடிக்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார். நான் ஒட்டிய டேப்பின் புண்ணியத்தில் புகை வெளியேற வழியில்லை. வாசனை எனக்கு அடிக்காமல் இல்லை. ஆனால் பிள்ளை பெற்ற வீட்டில் சாம்பிராணி வாசனை அடிக்காவிட்டால்தானே சந்தேகம் வரும்? அது ஒரு புகை என்றே எனக்குத் தோன்றவில்லை.

"சாம்பிராணி புகையா? அது மருந்துல்ல!" என்று மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கோ உயிர் வந்தது. குற்றவாளி டெல்லி அல்லவே! டேப்பைப் பிய்த்து ஜன்னல்களைத் திறந்தேன். எல்லோரும் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். புகை கலையக் கலைய ஊதா நடுங்கியது. பிறகு மாறியது.

"எறங்கிடுச்சு மாமா! சிவப்புக்கு எறங்கிடுச்சு!" என்று கத்தினேன். சோப்ரா அங்கிள்கூட எதற்கென்று தெரியாமலே கைதட்டினார்.

மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவைப் பார்த்தார். மிக மரியாதையாகக் கேட்டார்: "சிவப்புன்னா நல்லதா மாப்ள?"

அதன்பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்தும் அந்தப் பாழாய்ப்போன டப்பா மஞ்சளுக்குக்கூட இறங்கவில்லை. என் சொந்தக் கையால் செய்த சாட்சி, எனக்கு எதிராகவே நின்றது. அந்த வாரமே மூவரும் குழந்தையோடு ரயிலேறினார்கள். பிளாட்பாரத்தில் நான் அழுதேன். டெல்லிப் புகை கண்ணைக் கரிக்கிறது என்று சொல்லிச் சமாளிக்கவும் வழியில்லை, டிக்கெட்டே அதற்காகத்தானே எடுத்தது.

பொங்கல் கழித்துத் திரும்பி வந்தார்கள். இப்போது மகள் ஐந்தாம் வகுப்பு. டெல்லிப் பிள்ளை, தமிழில் ஒரு பேச்சு ஆரம்பித்தால் அச்சாவும் ஜல்தியும் போட்டுத்தான் முடிப்பாள். ஆனால் நான் ரத்தப் பரிசோதனைச் சீட்டை ஆட்டிக்கொண்டு, "போன தடவைக்கு இப்ப சர்க்கரை எறங்கியிருக்கு" என்று பெருமையாக வாயெடுத்தால் போதும். செல்வி உதட்டைக் கடித்துக்கொள்வாள். டப்பாக் கதையைக் கேட்டே வளர்ந்த மகள் மட்டும் தன் தாத்தாவைப் போலவே நிதானமாக, மதுரை வாடை மாறாமல் கேட்பாள்:

"சிவப்புன்னா நல்லதா மாப்ள?"