வெள்ளைக்காரன் மாட்டுக்குப் பட்டிப் பொங்கல்

ஒரு படத்துக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வர வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அப்போது நான் திருச்செங்கோட்டில் ஒரு லாரி முதலாளியிடம் டிரைவர். ஏற்காட்டு பங்களாவைக் காலி செய்துவிட்டுச் சீமைக்குப் போன துரையிடம் முதலாளி ஒரு படம் வாங்கியிருந்தார். நூறு வருஷத்துக்கு முன்னால் எவனோ வெள்ளைக்காரன் நம்ம பக்கத்து வயலில் குடை பிடித்து உட்கார்ந்து வரைந்ததாம். ஏர் ஓட்டும் உழவன், இரண்டு வெள்ளை மாடு, பக்கத்தில் ஒரு குட்டை. கண்ணாடிதான் உடைந்திருந்தது.

"படத்துக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஸ்டீரிங்கை மறந்துரு!" என்றார் முதலாளி.

சேலத்துக் கடைக்காரர் உடைந்த கண்ணாடியைக் கழற்றிப் போட்டார். "புதுசு பொங்கல் கழிச்சுத்தான் வரும். படத்தை எடுத்துட்டுப் போங்க சாமி."

பத்திரமாக இருக்கட்டும் என்று என் வீட்டிலேயே வைத்தேன். என்ன புத்தி பாருங்கள்!

மறுநாள் பட்டிப் பொங்கல். மாடு உள்ளவர்கள் மாட்டுக்கு மஞ்சள் தண்ணி தெளிக்கிற நாள். எங்களிடம் ஒரு கோழிகூடக் கிடையாது.

"ஏனுங்க, வருசா வருசம் அடுத்த ஊட்டு மாட்டுக்கே தெளிச்சேன். இந்த வருசம் நம்மூட்டுக்கே ரெண்டு வந்திருக்குதுங்க!" என்றாள் என் மனைவி, உள்ளேயிருந்து.

பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே ஓடினேன். மாவிலையில் தெளித்திருந்தால்கூடப் பரவாயில்லை. பக்தி ஜாஸ்தி. சொம்போடு ஊற்றியிருந்தாள்.

அது தண்ணீரில் கரைத்த சாயத்தில் வரைந்த படமாம். என் கண் முன்னாலேயே மாடு இரண்டும் மெதுவாகக் குட்டைக்குள் இறங்கின. பின்னாலேயே உழவனும் போனான்.

"அய்யோ, தொடைங்க! தொடைங்க!"

நான்தான் மேதாவி ஆயிற்றே. ஈரத் துண்டால் அழுத்தித் துடைத்தேன். வயலும் போச்சு. மிஞ்சியது ஒரு பனைமரம்.

லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிற பழனியிடம் ஓடினேன்.

"மாடுதானுங்க? கண்ணை மூடிக்கிட்டே போடுவேன். சாயங்காலம் வாங்க."

கண்ணை மூடிக்கொண்டுதான் போட்டிருந்தான். பளபளவென்று பெயிண்ட், சிவப்புக் கொம்பு, கழுத்தில் மாலை. கீழே, பழக்க தோஷத்தில், 'ஹாரன் அடிக்கவும்'!

"அடப்பாவி, அதையாச்சும் அழிடா!"

எழுத்தின் மேல் பச்சையாகப் புல் முளைக்க வைத்தான். அதற்குள் முதலாளியே தேடி வந்துவிட்டார். படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். புல்லைத் தடவினார். விரல் பச்சை.

"ஏப்பா, நூறு வருசத்துப் படம். பெயிண்டு இன்னும் காயலையே?"

"ஏற்காட்டுக் குளிருங்க. அங்க எதுவும் லேசுல காயாதுங்க."

மறுநாள் முதல் அதே லாரியில் நான் க்ளீனர். லாரியின் முதுகில் பழனி முன்னமே வரைந்திருந்த மாட்டைத் தினமும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.

அது மட்டும் கரையவே இல்லை.